ஈரத் தலையோடு ஒனிஹங்காவுக்கு

ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, நியூசிலாந்தில் அது குளிர்காலம், காலை ஒன்பது மணி. பிளாக்ஹவுஸ் பேயில் என் தங்கை மலரின் வீட்டு வாசலில் ஊபர் வந்து நின்றது. ஆக்லாந்துக்கு வருகிறவர்கள் எரிமலை மேடு ஏறுவார்கள், படகில் தீவுக்குப் போவார்கள். நான் பார்க்கப் போனது ஒனிஹங்கா பகுதியில் மாதவிலக்கு வலிக்குச் சூடு காட்டும் ஒரு சீன வைத்தியசாலையை. மலருக்கு அன்று முதல் நாள். வெந்நீர்ப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு காரில் சுருண்டு உட்கார்ந்தாள்.

ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். "தங்கச்சிக்கு ஏலாதோ?" என்று கேட்டார்.

"முதுகு வலி அண்ணா" என்றாள் மலர்.

"ஒனிஹங்கா சீன டொக்டரிட்டயோ போறியள்? நல்லது. என்ட மனிசியும் மாதம் மாதம் வாற நோவுக்கு அங்கதான் போறவ."

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். மனிதர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! எங்கள் வீட்டில் அப்பாவுக்கு எதிரே அந்த வலிக்குப் பெயரே கிடையாது.

ஒன்பதரைக்கு இறங்கினோம். கடைத்தெருவில், ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் வைத்தியசாலை. ஒரு முறைக்கு எண்பது டாலர். வைத்தியர் ஐம்பது வயதுப் பெண்மணி. மலரைப் படுக்க வைக்கப் போனவர் அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இந்தக் குளிரில் ஈரத் தலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முதல் நாள் தலைக்குக் குளிக்காமல் இன்னொருவர் தொடும்படி போய்ப் படுக்கலாமா என்பது மலரின் நியாயம். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. கணவன் இதையெல்லாம் கவனிப்பவனும் இல்லை. கடல் தாண்டி வந்தும் அவள் விடவில்லை, அவ்வளவுதான். வைத்தியர் வாதாடாமல் ஹேர் டிரையரை எடுத்துவந்து, பின்னலை அவிழ்த்து, கொத்துக் கொத்தாக உலர்த்தத் தொடங்கினார். அந்த நாட்களில் யாரும் தலைமுடியைத் தொட்டுப் பழகாத என் தங்கை பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது. வேலையிடத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தும் போகவில்லை. இவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஊருக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொல்கிற மகராசி!

"ஏன்டி போகல?"

"குழந்தை பிறக்காதுன்னு சொல்லிட்டா என்னக்கா பண்றது?"

கல்யாணமாகி மூன்று வருஷம். இந்த மாடிப்படி ஏறியதே ஸ்கேனைத் தட்டிக் கழிக்கத்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மாசிபத்திரி வகை இலையை உலர்த்திச் சுருட்டு மாதிரி உருட்டி வைத்திருந்தார்கள். அதைப் பற்ற வைத்து, தோலில் படாமல், அடிவயிற்றுக்கு மேலே வட்டமாகக் காட்டினார் வைத்தியர். அறையெல்லாம் கசப்பு வாசனைப் புகை. பிறகு காது மடலில் கடுகளவு விதைகளைப் பிளாஸ்திரியால் ஒட்டி, வலிக்கும்போது அழுத்தச் சொன்னார். மலரின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. "பாதி குறைஞ்சிருக்குக்கா" என்றாள்.

விடைபெறும்போது வைத்தியர் கண்டிப்பாகவே சொன்னார்: "வலியை என்னால் தணிக்க முடியும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் அடுத்த முறை வர வேண்டும்."

தெருவில் நின்றபடியே மலர் ஸ்கேன் நிலையத்துக்குப் போன் செய்தாள். அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் இடமிருந்தது. என் விமானம் இந்தச் சனிக்கிழமை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நீ அன்னைக்கு இருக்க மாட்டியேக்கா" என்றாள்.

"வியாழக்கிழமையே சொல்லு. நான் இருக்கேன்."

ஊர் திரும்பிச் சாவகாசமாக எழுத நினைத்த கட்டுரை இது. ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்று முன் மலரின் பெயரைக் கூப்பிட்டதும் கூடவே நானும் எழுந்தேன். "நீ உக்காருக்கா" என்று என் கையை விடுவித்துக்கொண்டு அவளே உள்ளே போனாள்.