மூன்று வாரம் தேங்கிய தண்ணீர்

படகுத்துறையில் அவளைப் பஞ்சக்கா என்பார்கள். காலையில் முதல் சவாரிக்கு முன்னால், படகின் முன்பக்கத்துப் பலகைகளைத் தூக்கிவைத்துவிட்டு, அடியில் நிற்கும் தண்ணீரை ஒரு மஞ்சள் பஞ்சால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிவாள். பக்கத்துப் படகுக்காரர்கள், “குளிப்பாட்டித் தலை துவட்டி விடுறாங்கப்பா” என்று சிரிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

பதினெட்டு வருஷம் தையல் கடையில் மெஷின் மிதித்தவள். படகு கணவருடையது. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் மரப்படகு. பின்னால் ஒரு சின்ன எஞ்சின், பதினாறு பேர் உட்கார இடம். ஒரு மழைநாளில் துறைப்படியில் வழுக்கி விழுந்து அவருடைய இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பு கூடியது, குனிவது மட்டும் கூடவில்லை. படகை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னபோது, “மெஷின் ஓட்டினவளுக்கு எஞ்சின் ஓட்ட வராதா?” என்று கேட்டு இவள் சுக்கானைப் பிடித்தாள். முதல் மாதம் துறைத் தூணை இரண்டு தடவை இடித்தாள். மூன்றாம் மாதம் அக்கரை ஆட்கள் இவள் படகுக்காகக் காத்து நிற்க ஆரம்பித்தார்கள், அவ்வளவு சுத்தம். கணவர் மட்டும் அதன்பிறகு துறைப்பக்கம் வரவே இல்லை.

மரப்படகு என்றால் எங்கேயாவது கசிந்துகொண்டுதான் இருக்கும். கசிவு, மழை, அலை தெறிப்பது, குடையிலிருந்து வடிவது எல்லாம் பலகைக்கு அடியில் போய்ச் சேரும். அங்கே விலா எலும்பு மாதிரிக் குறுக்கே வரிசையாகக் கட்டைகள் இருக்கும்; வங்கு என்பார்கள். ஒவ்வொரு வங்கின் அடியிலும் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் ஒவ்வொரு வங்காகத் தாண்டி, தாழ்வான பின்பக்கத்துக்கு வரும். அங்கிருக்கும் பம்பு அதை வெளியே தள்ளும்.

அந்த வருஷம் பம்பு வெறும் காற்றைத் தள்ள ஆரம்பித்தது. பின்பக்கம் காய்ந்து கிடந்தது. முன்பக்கத்தில் மட்டும் எவ்வளவு ஒற்றினாலும் மறுநாள் சாண் தண்ணீர். படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, இஷ்டமில்லாமல் நடக்கிற மாடு போலப் போயிற்று. போதாததற்கு அழுகல் நாற்றம் வேறு.

மெக்கானிக் வேலை பார்க்கும் கொழுந்தன் வந்து பம்பைக் கழற்றிப் பார்த்தான்.

“பம்பு மேல தப்பில்ல அண்ணி. தண்ணி அதுக்கிட்ட வந்தாத்தானே அது தள்ளும்? நடுவுல ஏதோ ஓட்டை அடைச்சிருக்கு. பெஞ்சைக் கழட்டி, ஆணி அடிச்ச பலகையைப் பேர்த்தாத்தான் தெரியும்.”

“அதுக்கு எத்தனை நாள் ஆகும்?”

“கரையேத்தி எறக்க ரெண்டு நாள்.”

பள்ளிக்கூடங்களில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அக்கரைப் பிள்ளைகளை நடுவில் விட முடியாது. பரீட்சை முடியட்டும் என்றாள். ஆனால் அடைத்தது எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தினமும் காலையில் மீன்காரம்மா கூடையோடு ஏறுவாள். கூடை சொட்டும். செதில் விழும். நாற்றமும் அதற்குத் தோதாக இருந்தது.

மறுநாள் படகு நிறைய ஆட்கள் இருக்கும்போது, மீன்காரம்மா ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தாள்.

“கூடையோட ஏறாதீங்கம்மா. உங்க செதிலெல்லாம் அடைச்சு என் படகே நாறுது.”

மீன்காரம்மா வாய்க்குப் பேர்போனவள். அன்றைக்கோ, தூக்கிய காலைப் படியில் திரும்ப வைத்து, கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு, பாலத்தைப் பார்த்து நடந்தாள். பாலம் சுற்றிப் போனால் சந்தைக்கு ஒரு மணி நேர நடை.

மூன்று வாரம் பஞ்சக்கா மூன்று வேளையும் வாளியால் இறைத்தாள். மீன்கூடை ஏறாமலேயே நாற்றம் அப்படியே இருந்தது. பழைய அழுக்கு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பரீட்சை முடிந்த மறுநாள் படகைக் கரையேற்றினார்கள். கொழுந்தன் பெஞ்சைக் கழற்றி நடுப்பலகையைப் பேர்த்தான். கறுத்த சேறும் தண்ணீரும் நின்றன. அவள் கையை விட்டு நாலாவது வங்கின் ஓட்டையைத் துழாவினாள். ஏதோ மெத்தென்று வந்தது. உள்ளங்கையில் வைத்து நல்ல தண்ணீரில் அலசினாள். மஞ்சளாக இருந்தது.

அடுத்த ஓட்டையிலும் அதே. அதற்கடுத்ததிலும். தினமும் ஒற்றிய பஞ்சு மரச்சிராயில் பட்டுத் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து, தண்ணீரோடு போய், ஒவ்வொரு ஓட்டையிலும் அடைந்து, சேற்றைப் பிடித்துவைத்துக் கெட்டுப்போயிருந்தது. மீன் செதில் என்று தேடினால் மொத்தமே இரண்டு கிடைத்தன.

கொழுந்தன் வேறு பக்கம் பார்த்தான். “நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அண்ணி.”

“நீ சொல்லாட்டி என்னப்பா, எனக்குத் தெரிஞ்சு போச்சே” என்றாள்.

கை காலைக் கழுவிக்கொண்டு, துணுக்குகளை ஒரு டப்பா மூடியில் போட்டு எடுத்துக்கொண்டு, பாலம் வழியாகவே நடந்து சந்தைக்குப் போனாள். போய்ச் சேர்வதற்குள் கால் கடுத்தது. மீன்காரம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சக்கா மூடியை அவள் முன்னால் நீட்டி நடந்ததைச் சொன்னாள்.

மீன்காரம்மா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்து, மூடியை எட்டிப் பார்த்தாள்.

“அப்போ உன் சுத்தந்தான் உன் படகை நாறடிச்சிருக்கு.”

“ஆமாம்மா. தப்பு என்னோடதுதான்.”

“அன்னிக்குப் பதினாறு பேருக்கு முன்னாடி சொன்னே. இன்னிக்குத் தனியா வந்து சொல்றே. இது எந்த ஊர் நியாயம்?”

பஞ்சக்கா நீட்டிய மூடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வந்த வழியே திரும்பி நடந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

வீட்டில் சோறு போட்டபோது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, “ஓட்டைக்குள்ள சங்கிலி கோத்து வைக்கிறதுதான் வழி. முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் ஒரே சங்கிலி. காலைல ரெண்டு இழுப்பு இழுத்தா எந்த அழுக்கும் தங்காது. நான் செய்யணும்னு நெனச்சு நெனச்சு விட்டது” என்றார்.

மறுநாள் மெல்லிய பித்தளைச் சங்கிலி வாங்கினாள். முனையில் ஒரு கம்பியைக் கட்டி, நாடா கோர்ப்பது போல ஒவ்வொரு ஓட்டையாக நுழைத்து வாங்கினாள். பதினெட்டு வருஷத் தையல் கை. கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே முடித்துவிட்டாள். முன்பக்கத்தில் நின்ற தண்ணீர் சலசலவென்று பின்பக்கம் ஓடியது.

படகு ஆற்றில் இறங்கிய முதல் காலை, பயணிகள் எல்லாரும் உட்கார்ந்த பிறகு எஞ்சினைக் கிளப்பாமல் எழுந்து நின்றாள்.

“மீன்காரம்மாவை நான் உங்க எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். அவங்க மேல ஒரு தப்புமில்ல. அடைச்சது என்னோட பஞ்சு. உங்க காதுல விழுந்தது அவங்க காதுக்கும் போகட்டும்.”

பின்னாலிருந்து ஒருவர், “சரிக்கா, மணியாச்சு” என்றார். கிளப்பினாள்.

மறுநாள் மீன்காரம்மா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் படியில் நின்றாள், கூடைக்கு அடியில் ஓர் அலுமினியத் தட்டோடு.

“சொட்டாது. பாத்துக்கோ.”

“சொட்டினாலும் பரவாயில்ல, ஏறுங்கம்மா.”

“சொட்டாதுன்னு சொல்றேன்ல!” என்று மீன்காரம்மா சத்தம் போட்டாள். படகு முழுக்கச் சிரித்தது. பஞ்சக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சங்கிலியின் இரண்டு முனையிலும் கட்டிய கயிறுகள் பெஞ்சருகே வந்து நின்றதால், இழுக்கக் குனிய வேண்டியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே இழுக்கலாம். இது தெரிந்ததும், ஒரு நாள் காலையில் கணவர் கைத்தடியோடு துறைக்கு வந்தார். அவள் கைகொடுக்க எழுந்தாள். வேண்டாம் என்று தலையசைத்து, தானே ஏறி உட்கார்ந்தார். சங்கிலியை முன்னும் பின்னுமாக நாலு தடவை இழுத்தார். பம்பு ஓடுகிற சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“நல்லா வருது” என்றார். அவள் படகின் கயிற்றை அவிழ்த்தாள்.