நுரையில் வந்த நீலம்

தெருவில் அவளுக்குச் சோப்பக்கா என்று பெயர். மளிகைக்கடைக்காரர் வைத்த பெயர் அது. வீட்டில் இருப்பது புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். மாதம் வாங்குவதோ ஒரு கூட்டுக் குடும்பத்துக்கான பார் சோப்பு. "ஏன்க்கா, சோப்பத்தான் சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்காத மாதமில்லை. "உங்க கடை பிஸ்கட்டுக்கு இது தேவல" என்று அவள் திருப்பிக் கொடுக்காத மாதமுமில்லை.

அத்தனை சோப்பும் பிரஷ்களுக்குத்தான் போனது. அவள் புருஷன் எண்ணெய் வண்ணத்தில் மனிதர்களை வரைகிறவர். வீட்டில் பெரியவர் யாராவது போய்ச் சேர்ந்தால், மங்கிப்போன போட்டோவைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். ஊரில் பாதிப் பேருடைய அப்பா அம்மா அவர் கையால் மறுபடி பளபளப்பாகிச் சுவரேறினார்கள். கட்டிய பெண்டாட்டியை மட்டும் அவர் வரையவே இல்லை. கேட்டால், "நீதான் இங்கயே இருக்கியே, எங்க போகப்போற?" என்பார். கூடவே இருப்பவளுக்கு மதிப்பு அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் சலவைக்கடையில் வேலை பார்த்தாள். சட்டைக் கையில் பச்சை பெயின்டை அப்பிக்கொண்டு ஒருநாள் அவர் வந்து நின்றார்.

"இது போகாதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க."

"எல்லாரும் சொல்லட்டும். நான் சொன்னேனா?"

சமையல் எண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டு, பிறகு சோப்புப் போட்டு, கறையை எடுத்தே விட்டாள். அடுத்த வாரம் நீலக் கறையோடு வந்தார். வேண்டுமென்றே அப்பிக்கொண்டு வந்தார் என்பது அவள் கட்சி, தற்செயல் என்பது அவர் கட்சி. அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

கல்யாணமாகி அவர் வேலை செய்யும் அறைக்குள் முதன்முதலாக நுழைந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தகர டப்பாவில் அழுக்கு டர்பன்டைன். அதில் பிரஷ்களெல்லாம் தலைகீழாக நின்றுகொண்டிருந்தன. முடி வளைந்து, தகர வளையத்துக்குள் பெயின்ட் இறுகி, சிலது விளக்குமாறாகவே ஆகிவிட்டிருந்தது.

"உங்கள இப்படித் தலைகீழா நிக்க வச்சா தெரியும்," என்றாள். அன்றைக்கு அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனவள்தான்.

அதற்குப் பிறகு வெளிச்சம் மங்கியதும் உள்ளேயிருந்து "ஆச்சு!" என்று ஒரு குரல் வரும். அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு அவள் போவாள். பழந்துணியால் வளையத்திலிருந்து நுனி நோக்கி வழித்தெடுப்பாள். டர்பன்டைனில் அலசி மறுபடி துடைப்பாள். பிறகு குழாயடியில் நீல வாளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் சோப்பைக் குழைத்து, அதில் பிரஷை வட்டமாகச் சுற்றுவாள். நுரை வெள்ளையாகும்வரை விடமாட்டாள். கடைசியில் குழந்தைக்குத் தலைவாரி விடுவதுபோல விரலால் நுனியை நீவி, மேசை விளிம்பில் படுக்க வைப்பாள். ஈரத்தோடு நிறுத்தினால் தண்ணீர் வளையத்துக்குள் இறங்கும், கட்டை ஊதும், தலை கழன்று ஆடும். இதை அவரிடம் அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு.

அன்றைக்கு அவர் என்ன வரைந்தார் என்று அவள் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. நுரையே சொல்லிவிடும். பழுப்பு வந்தால் முகம். கறுப்பு வந்தால் கோட்டு. இளநீலம் வந்தால் முகம் சரியாக வரவில்லை, பின்னணியைப் பூசிப் பொழுதை ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த ராத்திரி அவரிடம் பேச்சுக் கொடுக்கமாட்டாள். அதெல்லாம் நல்ல காலம். நல்ல காலம் என்று அப்போது தெரியவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையைக் கொண்டுபோய்விட்டது. கால் திரும்பி வந்தது, பேச்சு வந்தது, கை வரவில்லை. "ஆச்சு" என்ற குரலும் நின்றது. அவள் விடாமல் வாரத்துக்கு ஒருமுறை பிரஷ்களைக் கழுவினாள்.

"சுத்தமா இருக்கறத எதுக்கும்மா கழுவுற?"

"தூசி படியுதுங்க."

தூசியாவது ஒன்றாவது. கழுவுவதை நிறுத்தினால் அவர் இனி வரையமாட்டார் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். ஆனால் அவரோ, "பாத்தாலே எரிச்சலா வருது, ஓவியப் பள்ளி வாத்தியாருக்குக் குடுத்துடு" என்று நச்சரித்தார். எத்தனை நாள்தான் தட்டிக் கழிப்பது? கடைசியில் வாத்தியாரைச் சாயங்காலம் வரச் சொன்னாள்.

கொடுப்பதைக் கழுவிக் கொடுப்போம் என்று மத்தியானம் குழாயடியில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகச் சுற்றினாள். வெள்ளை நுரை, வெள்ளை நுரை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த தட்டைப் பிரஷை எடுத்தாள். உள்ளங்கையில் நுரை நீலமாக வந்தது.

சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் இதே பிரஷ் வெள்ளை நுரை விட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டையைப் பிடித்து அசைத்தாள். தலை லொடலொடவென்று ஆடியது. முடி ஒருபக்கமாக வளைந்திருந்தது. பிரஷை ஊறப்போட்டுத் தலைகீழாக நிறுத்தி வைக்கும் மனுஷன் உலகத்தில் ஒரே ஒருத்தர்தான்.

அதற்குள் வாத்தியார், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, வாசலில் வந்து நின்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"மன்னிச்சுக்குங்க வாத்தியாரே, எல்லாம் ஈரமா இருக்கு. ஈரத்தோட குடுக்கக் கூடாது."

"பரவால்லம்மா. எப்ப காயும்? நாளைக்கு வரட்டுமா?"

"இப்போதைக்குக் காயாதுங்க," என்றாள்.

அவர் ஒன்றும் புரியாமல் போனார். அவள் அந்தப் பிரஷோடு அறைக்குள் போய்ப் புருஷன் முன்னால் நின்றாள். அவர் திருட்டுமுழி முழித்தார்.

"தலைகீழா வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

"நீ கடைக்குப் போறப்ப..." என்று இழுத்தார். "இடது கைல வரையறதாவது ஒருமாதிரி வருதும்மா. கழுவத்தான் வரல."

"எங்க வரைஞ்சது?"

அலமாரிக்குப் பின்னால் கண்ணைக் காட்டினார். அவள் கையைவிட்டு ஒரு பலகையை இழுத்தாள். ஒரு நீல வாளி, கோணலாக. பக்கத்தில் குழாய், அதுவும் கோணல். அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் குழாயடி. வாளிக்கு முன்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

"அங்க நீதான்," என்றார். "ஆளப் போட இன்னும் கை பழகல. அதான் குடுத்துடலாம்னு..."

"வாளிய இவ்ளோ கோணலா போட்டா தண்ணி நிக்குமா?" என்று கேட்டாள். பலகையை மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள், காதை மட்டும் அறைப் பக்கம் வைத்துக்கொண்டு. வெளிச்சம் மங்கியது. உள்ளேயிருந்து, கொஞ்சம் குழறலாக, வந்தது.

"ஆச்சு!"

"வரேன், வரேன்," என்று கத்தினாள். "அடுப்புல வேலையா இருக்கேன்ல, அதுக்குள்ள என்ன அவசரம்!"