மேடைக்கு வராதவளின் இடது கால்

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தடித்த குதிகால் வைத்த பழைய கறுப்பு ஷூவுக்குள் மணியக்கா காலை நுழைப்பார். முதலில் வலது கால், பிறகு இடது. இடது காலுக்கு மட்டும் முகம் லேசாகச் சுளிக்கும். மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு நீளப் பலகை கிடக்கிறது. மேடையில் எஜமானியம்மாள் மணியடித்ததும் அந்தப் பலகை மேல் நடக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்டால் நமக்கே சிரிப்பு வரும், இதற்கு ஓர் ஆளா என்று.

நாடகம் பழையது. பெரிய வீட்டுக் கூடம், அதில் ஒரு குடும்பம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வீட்டில் எல்லோரும் வேலைக்காரி ஒருத்தியையே ஏவுகிறார்கள், ஒருத்தியையே திட்டுகிறார்கள். நாலு முறை மணி அடிக்கிறது. மூன்று முறை அவள் கதவு வரை வருவாள். உள்ளே நுழைவதற்குள் எஜமானியம்மாள் வேலையைச் சொல்லி அனுப்பிவிடுவார். நாலாவது முறை அவள் காலடி கேட்டதும் திரை விழும். எழுதிய புண்ணியவான் அவளுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை, ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. ‘உள்ளே காலடிச் சத்தம்’ என்று நாலு இடத்தில் எழுதியதோடு சரி.

மணியக்காவின் உண்மையான வேலை துணிமணி அறை. இஸ்திரி, பொத்தான், கிழிசல். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் காலடிச் சத்தம் கொடுப்பவர் காய்ச்சலில் படுத்துவிட, “அக்கா, சும்மா நாலு நடை நடந்துட்டு வந்துடுங்க” என்றார்கள். சும்மா நடக்கத்தான் அவருக்கு வரவில்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் மணியக்கா என்கிற பெயரும்.

இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி எழும்பும்போதெல்லாம் அவர் மனசால் அந்த நாடக வீட்டின் அடுப்படிக்குப் போய்விடுவார். கூடத்திலிருந்து அதற்குப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். மூன்றாவது படி மூளியாக இருக்கும். அங்கே ஒரே ஜன்னல், தெருமட்டத்துக்கு. அதன் வழியாகப் பார்த்தால் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும், முகம் தெரியாது. மழை பெய்தால் கால்கள் ஓடும், வெயில் வந்தால் நடக்கும். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதெல்லாம் நாடகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், “நாடகத்துல இல்லைங்க, வீட்டுல இருக்கு” என்பார்.

அவளுக்கு இடது காலில் வலி. முதல் மணிக்கு இரண்டு காலும் துறுதுறுவென்று வரும். இரண்டாவதில் இடது கால் கொஞ்சம் பின்தங்கும். நாலாவதில் பலகையில் சர்ரென்று ஓர் இழுவை கேட்கும். “விடியறதுக்கு முந்தி எந்திரிச்சவ. நாலாவது தடவை படியேறும்போது ரெண்டு காலும் எப்படிங்க ஒண்ணா வரும்?”

மணியக்காவின் சொந்தக் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் மூன்று மாடி ஏறி இறங்குகிறவர். ஆனால் வீட்டில் கணவர் கூடத்திலிருந்து “தண்ணி!” என்று குரல் கொடுத்தால் இடது கால் தானாக இழுக்கும்.

“கால்ல என்ன?” என்று ஒருநாள் பதறிப்போய்க் கேட்டார் அவர்.

“என் கால் இல்ல. அவ கால்.”

அந்த மனுஷன் அன்றிலிருந்து தண்ணீரைத் தானே எடுத்துக் குடிக்கிறார்.

நாத்தனாரை ஒருமுறை நாடகத்துக்கு அழைத்து வந்தார். முடிந்ததும் நாத்தனார், “எல்லாம் சரி அண்ணி, நீங்க எங்க வந்தீங்க?” என்றாள். “வந்தேனே, நாலு தடவை!” அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முழுக்க அதுதான் சிரிப்பு. மணியக்காவும் கூடவே சிரித்தார். மனசுக்குள் வலித்தது.

திரைக்குப் பின்னால் நிற்பவருக்கு ஜனங்களின் முகம் தெரியாது, சிரிப்பு தெரியும். ‘அவளுக்கென்ன, குளிரா வெயிலா, ஒன்றும் உறைக்காது’ என்று எஜமானியம்மாள் சொல்லும் இடத்தில் அந்த நாளில் கூரை அதிரும். இப்போது அப்படி இல்லை. “பக்கத்துல யாரு உக்காந்திருக்கான்னு ஒரு பார்வை பார்த்துட்டு அப்புறமா சிரிக்கிறாங்க” என்பது மணியக்காவின் கணக்கு.

புதிதாக வந்த டைரக்டர் இளைஞர், நல்லவர், நிறையப் படித்தவர். பேட்டி எடுக்க ஒரு பத்திரிகைக்காரர் வந்தபோது துணிமணி அறையில்தான் உட்கார்ந்து பேசினார். “அந்தக் காலத்துல வேலைக்காரியை ஒரு ஆளாவே மதிக்கல. எழுதினவர் கண்ணுக்கே அவ தெரியல. என்னைக் கேட்டா அவதான் இந்த நாடகத்தோட நாயகி” என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார். மணியக்கா இஸ்திரி போட்ட கோட்டை அந்தக் கையில் மாட்டினார். “அக்கா, அப்படியே ரெண்டு டீ.” போய் வாங்கி வந்தார். நாயகியைப் பற்றிய பேச்சு அப்போதும் முடிந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் காலடிச் சத்தத்தைப் பதிவு செய்ய வந்தார்கள். இனிமேல் மெஷின் கொடுக்குமாம்.

“அக்கா, ஒரு தடவை நடந்தாப் போதும். நாலு தடவையும் அதையே போட்டுக்கலாம்” என்றார் சவுண்ட் பார்க்கிறவர். மணியக்கா நடந்தார். சவுண்ட்காரர் தன் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, “சர்ருனு ஏதோ இழுக்குதே, ஷூ லூசா?” என்றார்.

“ஷூ சரியாத்தான் இருக்கு. அவளுக்குக் கால் வலி.”

“பரவாயில்ல, மெஷின்ல துடைச்சிடலாம்.”

“அப்போ நாலாவது தடவை ஏறும்போதும் அவளுக்கு வலிக்கவே வலிக்காதா?”

நல்ல ஜோக் என்று நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மணியக்காவுக்கு வேலை போகவில்லை. இஸ்திரிப் பெட்டி இருக்கவே இருக்கிறது. போவது அவள். இனி ஒவ்வொரு காட்சியிலும் நாலு முறையும் துள்ளிக்கொண்டு ஓடி வருவாள், யாருக்கும் ஒரு சந்தேகமும் வராமல். இருபத்திரண்டு வருஷம் அவளைப் படியேற்றி இறக்கினேனே, உருப்படியாக ஒரு நல்லது செய்தேனா? இந்தக் கேள்வி மணியக்காவை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிதான் மணியக்கா நடக்கும் கடைசிக் காட்சி. முதல் மூன்று மணியோசைக்கும் பலகை வழக்கம்போலப் பேசியது. மூன்றாவது முறை திரும்பி நடந்தபோது இழுவை எப்போதையும்விட நீளம்.

நாலாவது மணி அடித்தது.

“இவளுக்கென்ன காது செவிடா?” என்றார் எஜமானியம்மாள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிரிப்பு எழுந்து அடங்கியது. காலடி கேட்கவில்லை. திரை இழுப்பவர் கயிற்றைப் பிடித்தபடி, ‘என்னக்கா?’ என்று கண்ணால் கேட்டார். காலடி கேட்டால்தான் அவர் திரையை இறக்க முடியும். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மணி மறுபடியும் அடித்தது. அரங்கில் அத்தனை பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலகை மேல் கறுப்பு ஷூ இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மணியக்கா துணிப்பெட்டி மேல் உட்கார்ந்து, இடது காலை நீட்டி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை உள்ளங்கையால் மெதுவாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.