பொட்டு வைக்காத வால்வு

1. தட்டை நீட்டியபோது

அன்று காலை முனியாண்டி அண்ணன் கற்பூரத் தட்டை என் முன்னால் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. ஆலையில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜொகூர் பக்கம், ரெங்கத்துக்கும் சிம்பாங் ரெங்கத்துக்கும் நடுவில் இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் பாய்லர்மேன். ஊர்ப் பெயர் போதும், ஆலைப் பெயர் வேண்டாம். பழக்குலையை வேகவைக்கிற நீராவி பாய்லரிலிருந்துதான் வரும். டர்பைன் ஓடுவதும் அதில்தான். வருஷத்துக்கு ஒருமுறை நெருப்பை அணைத்து, ஆறவைத்து, வால்வுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டு மறுபடி பூட்டுவோம். அதற்கு ஷட்டவுன் என்று பெயர்.

ஷட்டவுன் முடிந்து முதல் நெருப்பு வைக்கும் காலையில் பூசை நடக்கும். யார் நெருப்பு வைக்கிறானோ அவன்தான் கற்பூரம் காட்ட வேண்டும். அதற்கு முன்னால் அவனே சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகப் பாய்லரைச் சுற்றி வந்து, ஏணியில் ஏறி இறங்கி, ஒவ்வொரு வால்வுக்கும் பொட்டு வைக்க வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. தோட்டத்து ஆட்கள் கொண்டுவந்த பழக்கம். எஞ்சினியர் ஒரு சீனர், பெயர் 'தான்'; மிஸ்டர் தான் என்போம். அவர்கூட அன்று ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்.

பதினோரு வருஷம் அந்தப் பொட்டை வைத்தவன் நான். பக்தியாகத்தான் வைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டாவது வருஷம் நான் ஞானஸ்நானம் எடுத்திருந்தேன். என் மனைவி குளுவாங் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தபோது, சபைக்காரர்கள் நாலு பேர் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். அவள் பிழைக்கவில்லை. அவள் போன பிறகும் அவர்கள் வந்தார்கள். அங்கே எனக்குக் கிடைத்த நிம்மதியை விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. கிடைத்தது, அவ்வளவுதான்.

"சுப்பையா, புடி. கற்பூரம் அணைஞ்சிரப் போவுது" என்றார் முனியாண்டி அண்ணன். அவர் எங்கள் ஃபோர்மேன்.

"அண்ணே, நெருப்பு நான் வைக்கிறேன். பூச நீங்க பண்ணுங்க. இனிமே என்னால இத செய்ய முடியாதுன்னு முன்னாடியே சொன்னேன்ல?"

"வெளாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சேன். பாய்லர்லயுமா மதம் பாப்ப?"

பின்னாலிருந்து ஒருவன், "அவரு இப்ப வெள்ளக்காரன் சாமி லா" என்றான். சிரித்தார்கள்.

மணியம் மட்டும் சிரிக்கவில்லை. அவன் என் தங்கை லெட்சுமியின் புருஷன், எனக்குக் கீழே பாய்லர் நெருப்பைப் பார்க்கிற ஃபயர்மேன். அவனை அந்த வேலைக்குக் கூட்டிவந்ததே நான்தான். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "மச்சான், ஆளுங்க பயப்படறாங்க. சும்மா ஒரு சுத்து சுத்துங்க. மனசுக்குள்ள ஒங்க சாமிய நெனச்சுக்குங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல மாப்ள" என்றேன்.

முனியாண்டி அண்ணன் முறைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டார். 'பாய்லர் ரெடி' என்ற செக் லிஸ்டில் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு மிஸ்டர் தானிடம் கொடுத்தேன். விறுவிறுவென்று வெளியே நடந்தேன். பழ லாரிகள் நிற்கிற இடத்தில் நின்று, "ஆண்டவரே, எல்லாரையும் காப்பாற்றும்" என்று ஜெபம் பண்ணினேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இத்தனை பேர் எதிர்த்தும் அசையவில்லையே என்ற பெருமை. பூசை முடிந்ததும் உள்ளே போய் நெருப்பு வைத்தேன்.

2. இரண்டு நட்டு

பாய்லரை ஒரேயடியாகச் சூடாக்கக் கூடாது. மெல்ல மெல்லப் பிரஷரை ஏற்ற வேண்டும். மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டுவதற்குக் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு, கேஜ் கிளாஸ் என்போம். மணியம் மேடையில் ஏறி அதைப் பார்த்து எனக்குக் கைச்சாடை காட்டிக்கொண்டிருந்தான். அதன் கீழ் வால்வை நட்டு போட்டு இணைக்கிற இரும்பு வளையம், ஃபிளாஞ்ச் என்போம், அந்த நேரத்தில் பிய்த்துக்கொண்டு ஆவி அவன் மேல் பீறிட்டது.

அந்தச் சத்தத்தை எழுத வராது. மணியம் கத்தியதும் எனக்குக் கேட்கவில்லை. நெருப்பைத் தள்ளி, வால்வை அடைத்து, நான் மேலே ஏறும்போது அவன் கம்பி மேடையில் சுருண்டு கிடந்தான். முகத்தின் இடது பக்கமும் இடது கையும் வெந்துபோயிருந்தன. அவனைத் தூக்கும்போது தோல் என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. குளுவாங்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் பாய்லர் ஆறியதும் நான் தனியாக ஏறிப் பார்த்தேன். ஃபிளாஞ்சில் நாலு நட்டு. இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கியவை. மற்ற இரண்டும் கையால் திருகியதோடு நின்றவை. பின்னால் தெரிந்தது, இன்ஸ்பெக்டரின் டெஸ்ட் முடிந்த பிறகு ஃபிட்டர் ஒருவன் கசிவு தடுக்கிற கேஸ்கெட்டை மாற்றக் கழற்றியிருக்கிறான். பூட்டுகிற நேரத்தில் யாரோ வேறு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வர மறந்துவிட்டான்.

அந்த நட்டுகளைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் என் கை எனக்கு ஞாபகம் வந்தது. பதினோரு வருஷமும் வலது கை பொட்டு வைக்கும்போது, இடது கை தன்பாட்டுக்கு நட்டைப் பிடித்துத் திருகிப் பார்க்கும். லூஸாக இருந்தால் பூசையை நிறுத்திவிட்டு ஸ்பேனர் கேட்பேன். இரண்டு மூன்று வருஷம் அப்படிக் கேட்டதும் உண்டு. அதைச் சோதனை என்று நான் நினைத்ததே இல்லை. பூசை என்றே நினைத்தேன். முனியாண்டி அண்ணனுக்கு மூட்டுவலி, ஏணி ஏறவில்லை. கீழே கைக்கு எட்டியவற்றுக்குப் பொட்டு வைத்தார். மேலே கேஜ் கிளாஸ் வால்வில் பொட்டு இல்லை. நான் பூசையை விட்டேன், அதோடு சேர்த்துச் சோதனையையும் விட்டுவிட்டேன். தாளில் என் கையெழுத்து மட்டும் இருந்தது.

3. ஆலையிலும் சபையிலும்

ஆலையில் சாமி குத்தம் என்று முடிவு கட்டினார்கள். நான் கேண்டீனில் உட்கார்ந்தால் மேசை காலியாகும். பத்து வருஷம் என்னோடு ஷிஃப்ட் பார்த்தவன் என் தேத்தண்ணிக் கிளாஸைத் தள்ளி வைத்தான். அதெல்லாம் வலித்தது. ஆனால் தாங்க முடிந்தது.

தாங்க முடியாதது ஞாயிற்றுக்கிழமை சபையில் நடந்தது. பாஸ்டர் நல்ல மனுஷன், என் மேல் பிரியம். எல்லார் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தினார். "நம்ம பிரதர எவ்ளோ பேரு எதுத்தாங்க! பழி போடுறாங்க! ஆனா அவரு அசையவே இல்ல!" என்றார். ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள். சபைப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்தாள். அந்த நட்டைத் தொடாத கை அது. நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அன்றைக்கு நான் கோழை.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. திங்கட்கிழமை மிஸ்டர் தான் அறைக்குப் போய், பொட்டு வைத்த கதை முழுவதையும் சொன்னேன். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அலமாக், சுப்பையா! ரிப்போர்ட்ல ஃபிட்டர் தப்புன்னு எழுதியாச்சு லா. நீ எதுக்கு வாய தொறக்கற? ஒன் சர்டிபிகேட் போய்டும்."

"நான் தொட்டுப் பாக்காம கையெழுத்துப் போட்டேன் சார். அதயும் எழுதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "சரி, விடு. அடுத்த நெருப்புக்கு அந்தத் தட்ட வாங்கி ஒரு சுத்து சுத்திடு. ஆளுங்க மனசு ஆறிடும். நானும் இத மறந்துடறேன்."

"அது முடியாது சார்."

"பொய்யும் சொல்ல மாட்ட, கற்பூரமும் காட்ட மாட்ட. பின்ன ஒன்ன வச்சு நான் என்னதான் லா பண்றது?"

அவர் கேட்டது நியாயம்தான்.

4. லெட்சுமி

அந்த வாரமே ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லெட்சுமி வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் துணி. மடியில் ஒரு பொட்டலம் விபூதி.

"அண்ணே, எடது கண்ணு வருமா வராதான்னு டாக்டரு இன்னும் சொல்லல. வெரலு ரெண்டு எடுக்கணுமாம்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காத. திரும்ப நெருப்பு வைக்கிறப்ப ஒரே ஒரு தடவ கற்பூரம் காட்டிடுண்ணே. ஒன் சர்ச்சுக்குப் போ, நான் வேணாங்கல. இந்த ஒரு தடவ எனக்காக. சாமி கோவம் தணிஞ்சா அவருக்குக் கண்ணு வந்துரும்."

தாய் தகப்பன் இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை. என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஒரு சுற்று, ஒரு கற்பூரம், அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

ஆனால் அப்படிச் சுற்றினால் இரண்டு பொய். கும்பிடாத சாமியைக் கும்பிடுவதாக ஒரு பொய். இந்த விபத்துக்கும் சாமிக்கும் சம்பந்தம் இருப்பதாக இன்னொரு பொய். முதல் பொய்யை விட எனக்கு இரண்டாவதுதான் பயமாக இருந்தது. அதற்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொள்வேன்.

"லெச்சுமி, என்னால காட்ட முடியாதும்மா" என்றேன். "ஒங்க சாமி யாரையும் ஒன்னும் பண்ணல. நட்டு லூஸா இருந்துச்சு. வருசா வருசம் பொட்டு வைக்கிறப்ப நான் தொட்டுப் பாப்பேன். இந்த வருசம் பாக்கல. பாக்காமயே கையெழுத்துப் போட்டேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நர்ஸ் ஒருத்தி டிராலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அப்புறம் லெட்சுமி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"சாமி கோவம்னு நெனச்சேன். கும்புட்டுத் தணிச்சிரலாம்னு இருந்தேன். ஒன்ன என்னாண்ணே பண்றது?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

5. ரேம்ப்

என் வாக்குமூலம் ரிப்போர்ட்டில் ஏறியது. பாய்லரிலிருந்து எடுத்துவிட்டு என்னை ரேம்ப்புக்கு, அதாவது லாரியில் வரும் பழக்குலையை இறக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த பாய்லர்மேனிடம், "தம்பி, பொட்டு வைக்கிறப்ப நட்ட திருகிப் பாரு" என்று மட்டும் சொன்னேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். சபையிலும் எழுந்து உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் மட்டும் கூட்டம் முடிந்து சிம்பாங் ரெங்கம் பஸ் நிற்கிற இடம் வரை என்னோடு நடந்து வந்தார்.

மணியத்துக்குக் கண் வரவில்லை. ஆலையில் அவனைக் கேட் வாட்ச்மேனாகப் போட்டார்கள். ஆறு வருஷம், ஒவ்வொரு காலையும் நான் அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "வாங்க மச்சான்" என்பான். அந்த ஒரு வார்த்தைதான். வேறு ஆலைக்குப் போய்விடு என்று நிறையப் பேர் சொன்னார்கள். போகவில்லை. ஒவ்வொரு காலையும் கேட்டுக்கு நூறு அடி முன்னால் நின்றுவிடுவேன். "ஆண்டவரே, இன்னைக்கும்" என்று சொல்லிக்கொண்டு நடப்பேன். என் விசுவாசம் அந்த ஆறு வருஷத்தில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் விட்டுப் போகவில்லை.

வேலையை விட்டு நின்ற அன்று கேட்டில் மணியம் எழுந்து நின்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையாவது முறையோ தெரியாது.

"மச்சான், நீங்க தட்ட வாங்காததுக்கு எனக்குக் கோவமே இல்ல" என்றான். "ஒங்க சாமி, ஒங்க இஷ்டம். சும்மா சுத்துங்கன்னு நாந்தான் தப்பா சொன்னேன். நட்டுகூட மனுசன் மறக்கறதுதான். ஆனா பூச நடக்கறப்ப எங்கள விட்டுட்டு வெளிய போய் நின்னீங்க பாருங்க. அது இன்னும் எனக்கு ஆற மாட்டேங்குது."

இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே சபையில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் சில பேர், வேலையிடத்தில் கேலி பண்ணுகிறார்கள், வீட்டில் எதிர்க்கிறார்கள், எப்படி நிலைத்து நிற்பது அங்கிள் என்று கேட்பார்கள். மனசாட்சிக்கு ஒவ்வாததை யார் நீட்டினாலும் வாங்காதே என்பேன். அழுது கேட்டாலும் வாங்காதே. ஆனால் உன் கை செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்து முடி. முடித்துவிட்டு, அவர்கள் சிரித்தாலும் முறைத்தாலும், அவர்கள் நடுவிலேயே நில். நான் வெளியே போய் நின்றேன்.