பச்சைக் கோப்ளின், சிவப்பு ஓர்க்

எனக்கு அப்போது பத்து வயது. வாய்க்கு மட்டும் நாற்பது இருக்கும் என்று அம்மா சொல்வாள். பள்ளி நூலகத்திலிருந்து மாயக்கதைப் புத்தகங்களாக அள்ளிவந்து படித்துவிட்டு, வீட்டில் எல்லாருக்கும் வகுப்பெடுத்துக்கொண்டு திரிந்த காலம்.

அத்தை, அப்பாவின் தங்கை, விருதுநகரில் எங்களோடுதான் இருந்தாள். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடந்த விபத்தில் முகத்தின் ஒரு பக்கம் வெந்துபோய், ஒன்றரை வருஷமாக வாசல்படி தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட வரமாட்டாள். வீட்டில் இருந்தபடியே புஸ்வாண டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக் கொடுப்பாள். நர்ஸான அம்மாதான் பேசிப் பேசி, மல்லாங்கிணறில் அத்தையின் உயிர்த்தோழிக்கு நடக்கவிருந்த கல்யாணத்துக்கு வரச் சம்மதிக்க வைத்திருந்தாள். முந்தானையால் முகத்தை மூடாமலே வருகிறேன் என்று அத்தையே சொல்லிவிட்டாள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்த லேபிள் கட்டில் இருந்தது வினை. அந்த சீசனுக்கு இரண்டு புது ரகம். ஒன்றின் பேர் கோப்ளின், மற்றதன் பேர் ஓர்க்; இரண்டும் இங்கிலீஷ் மாயக்கதைகளில் வரும் கோரமான பூத வகைகள். இன்னொரு படம் வரையும் செலவு எதற்கென்று ஒரே மூஞ்சியைப் போட்டு, ஒன்றுக்குப் பச்சையும் ஒன்றுக்குச் சிவப்பும் அடித்திருந்தார்கள். லேபிள் தொழிலில் அது சகஜம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான், பேருதான் வேற" என்றான் அண்ணன். கம்ப்யூட்டர் கேமில் இரண்டையும் வெட்டிச் சாய்த்த அனுபவஸ்தன். சில கதையில் ஒன்று, சில கதையில் வேறு என்று நான் விட்டிருக்கலாம். விடுவேனா?

"போண்ணே, ஒனக்கு ஒண்ணுந் தெரியாது. கோப்ளின் பொறக்கும்போதே அவலட்சணம். ஓர்க் அப்படியில்ல. நல்லா அழகா இருந்தவகளப் பிடிச்சு, நெருப்புல வாட்டி, உருவத்தக் கெடுத்துவிட்டதுதான் ஓர்க். நான் படிச்ச புக்குல போட்டிருக்கு."

பசை விரலோடு அத்தை நிமிர்ந்தாள். "அப்ப நான் எதுடி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அண்ணன் சட்டென்று குனிந்து டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கோ, கேள்வி கேட்டால் சரியான பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

"நீங்க ஓர்க்குதான் அத்தே" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஓர்க் என்றால் பெரியது, பலசாலி.

"சரியாச் சொல்லிட்டடி" என்று என் தலையைத் தடவிவிட்டு, மிச்ச லேபிளையும் ஒட்டி முடித்தாள்.

மறுநாள் காலையில் அத்தை பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. "தலவலி மதினி, நீங்க போயிட்டு வாங்க" என்றாள், சுவரைப் பார்த்தபடியே. அம்மா கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் உட்கார்ந்து அழுதாள். நான் புதுப் பாவாடையோடு வேனுக்கு ஓடினேன். அத்தை வராததால் ஜன்னலோர இடம் எனக்குக் கிடைத்தது. பாவி, சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாலையும் கழுத்துமாக நின்ற தோழி எங்களுக்குப் பின்னால் யாரையோ தேடிவிட்டு, "எங்க அவ? வரலையா?" என்று கேட்டாள். அம்மா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "அத்தைக்குத் தலவலி" என்றேன். முழுசாக நம்பித்தான் சொன்னேன்.