போயா விடுமுறைக்கு மலைக்குப் போகிறவர்கள்

மார்கழி மழையில் கருவாடு காயாததால் சல்லி மீனவக் கிராமத்தில் வேலை நின்றுவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் நடக்கிறேன். மழை வலுக்க, ஒரு தேநீர்க்கடையில் ஒதுங்குகிறேன்.

துறைமுகக் கிடங்கில் வேலை செய்யும் நால்வர் கூடாரத்துக்கான படங்குத் துணியை விரித்து ஓட்டை பார்க்கிறார்கள். ஞாயிறு வேலைநாளாகி, பௌத்தரின் நிலவு நாளான போயாவே வார விடுமுறையாகிவிட்ட காலம் இது. நாளை போயா. இன்று பகல் பஸ்ஸில் புறப்பட்டு, இரவே மாத்தளை மலையில் கூடாரம் அடிக்கப்போகிறார்களாம்.

"இந்தக் குளிருக்கு வெறும் நிலத்தில படுக்க ஏலாது. மானாப்புல் வெட்டிப் பரப்ப வேணும். நான் அங்க தோட்டத்தில வேலை செய்தனான்," என்கிறேன்.

அவர்களில் நசீர் என்பவர் கதிரையை இழுத்துப் போடுகிறார். "இரிங்க அண்ணன். இவனுகளுக்கு மலை எண்டா கலண்டர் படத்திலதான் தெரியும்."

பாதை, தண்ணீர், விறகு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். நான் ஒருவரோடு இவ்வளவு நேரம் பேசிப் பல மாதங்கள் ஆகின்றன. அந்தப் படங்கின் கீழ் ஐந்து பேர் படுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நால்வரில் அன்ரன் என்பவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். "எனக்கு நாளைக்குக் காலமை கிடங்குக் காவல். ஞாயிறு பூசைக்கும் லீவில்லை, போயாவுக்கும் லீவில்லை. நானும் மனுசன்தானே!"

நசீர் என் பக்கம் திரும்புகிறார். "அண்ணன், நாளைக்கு உங்களுக்கு வேலை ஏதும் இருக்கா?"

"இல்லை," என்கிறேன் ஆசையோடு.

மறுநாள் காலை, அன்ரனுக்குப் பதிலாகக் கிடங்கு வாசலில் காவல் நிற்கிறேன்.