ஊரே பார்த்தால் ஒரே தடவை

எங்கள் டவர் குழுவை நடத்திய செல்வி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது மயிலாடும்பாறை டவருக்குக் கீழே நின்றிருந்தேன். மாரடைப்பு. "அக்கா போயிருச்சுண்ணே" என்று போனில் அவர் தம்பி கதறினான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாதி வேலையில் போகலாமா?

எங்களோடு அலைபேசி டவர் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கபடி இறுதிப்போட்டி நினைவிருக்கும். வருசநாட்டில் ஆளாளுக்குப் போனில் அதையே பார்த்தார்கள். ஒரே ஆட்டத்தை ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக அனுப்பி டவர் திணறியது. பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்கு ஆட்டோ கூப்பிடக்கூட அழைப்புப் போகவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். மறுநாள் அவள் அம்மா அலுவலகத்துக்கே வந்து, "கபடிக்கு டவர் இருக்கு, எம்மகளுக்கு இல்லையா ஆத்தா?" என்று கேட்டார். அன்றே செல்வி தலைமையகத்தோடு சண்டையைத் தொடங்கினார்.

அவர் கேட்டது இவ்வளவுதான்: "நாலு பேர் பாத்தா தனித்தனியா அனுப்பு. ஊரே பாத்தா ரேடியோ மாதிரி எல்லாருக்கும் பொதுவா ஒரே தடவை அனுப்பு. மிச்ச இடம் பேசுறவுகளுக்கு."

"மலையடிவாரத்துக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் ஓர் அதிகாரி.

"மலையடிவாரத்துல பிள்ளை பெற மாட்டாகளா சார்?"

சோதனைக்கு அனுமதி கிடைத்தது. நாங்களும் சொதப்பாமல் இல்லை. முதல் ஆட்டம் முடிந்தும் பொது ஒளிபரப்பை நிறுத்த மறந்து, பார்க்க ஆளே இல்லாமல் டவரில் பாதியை அடைத்து வைத்திருந்தோம். கோம்பை ஊர்க்காரரான செல்வி சும்மா விடுவாரா? "ஏலே, பந்தி முடிஞ்சு எல்லாரும் கைகழுவிட்டாக. இன்னும் யாருக்கு இலை போடுறீக?" பார்ப்பவர்கள் குறைந்ததும் டவர் தானாகவே தனி வழிக்குத் திரும்பும்படி மாற்றி அமைத்தார். எங்கள் கணினியில் அந்தக் கட்டளைக்குப் பெயரே 'கைகழுவு'தான். வெளியூர் எஞ்சினியர்கள் அதைப் படித்துவிட்டு முழிப்பார்கள்.

செல்வியை எரித்துவிட்டு வந்த மாலையே தலைமையகத்திலிருந்து போன். இரங்கல் ஒரு வரி. அடுத்த வரி, "அந்தம்மாதான் இல்லையே, சோதனையை முடிச்சுக்கலாம்."

அடப்பாவிகளா, குளித்த தலை ஈரம்கூடக் காயவில்லை! "முடியாது" என்றேன்.

செல்வியின் சண்டையை நான் எடுத்துக்கொண்டேன். வேறெதுவும் எனக்கு வேண்டாம். நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு இங்கேயே சொல்கிறேன்: வருசநாட்டுக்கு நேரில் வாருங்கள். ஊர் முன்னால் நின்று காரணம் சொல்லுங்கள். அதுவரை அந்த டவரை ஒருவரும் தொட முடியாது.